மலிவு ஹேமக்கை ராத்தூக்கத்துக்கு ஏற்றதாக்குவது எப்படி? வீட்டிலேயே செய்யும் மாற்றங்கள், படிப்படியாக

ஆயிரம் ரூபாய்ச் சுற்றுவட்டத்தில் இணையத்தில் கிடைக்கிற நைலான் ஹேமக்கை, அதாவது இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் தொங்கு படுக்கையை வாங்கி, தோப்பில் கட்டி, பத்து நிமிடம் ஆடிப் பார்த்துவிட்டு ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சுருட்டி வைத்தவர்கள் நிறையப் பேர். அதிலேயே ஒரு முழு ராத்திரி தூங்கி எழுந்தவர்கள் குறைவு.

நான் முதன்முதலில் தூங்க முயன்றது ஏற்காட்டில், தெரிந்தவர் ஒருவரின் காபித் தோட்டத்தில், ஒரு டிசம்பர் மாதம். காபிச் செடிக்கு நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் இரண்டுக்கு நடுவே கட்டினேன். பத்து மணிக்கெல்லாம் முதுகு வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு, மேலே கம்பளி போர்த்தியிருந்தும் முதுகுப்பக்கம் ஐஸ் வைத்தது போலச் சில்லிட்டது. இரண்டு மணிக்குக் கால்பக்கக் கயிற்றின் முடிச்சு மெல்ல வழுக்கி, சத்தமே இல்லாமல் என்னைத் தரையில் இறக்கிவிட்டது. அடிபடவில்லை. காரணம், தாழ்வாகக் கட்டியிருந்தேன், அதுவும் சோம்பலால்தான்.

அந்த மூன்று குறைகளும் ஹேமக் துணியில் இல்லை. ஒன்று கட்டிய கோணத்தில், இன்னொன்று அதோடு வந்த கயிற்றில், மூன்றாவது முதுகுக்கு அடியில் எதுவும் இல்லாததில். அதனால் விலை கூடிய ஹேமக் வாங்குவதற்கு முன், கையில் இருப்பதை மாற்றிப் பாருங்கள். வரிசை முக்கியம். முதலில் தொங்கவிடும் பட்டை, அடுத்து நடுவே ஓடும் கயிறு. கொசுவலை, மழை, குளிர், பை எல்லாம் அப்புறம். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதல் நாளே பை தைக்கிறார்கள், விளக்குத் தொங்கவிடுகிறார்கள், கயிறு மட்டும் பழைய கயிறாகவே இருக்கும்.

தூளியும் ஹேமக்கும்

ஹேமக் என்ற சொல் கரீபியன் தீவுகளின் தைனோ மக்களிடமிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்தது. 1492-இல் அங்கே போய் இறங்கிய கொலம்பஸின் ஆட்கள் இந்தத் தொங்கு படுக்கையைப் பார்த்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் நமக்கு இதன் அமைப்பு புதிதல்ல. அம்மாவின் பழைய சேலையை உத்தரத்தில் கட்டிய தூளி, சில ஊர்களில் ஏணை, கிட்டத்தட்ட இதேதான். நீளத் துணி, இரண்டு முனையிலும் கொத்தாகச் சேர்த்துக் கட்டு, நடுவே தொய்வு.

ஒரே வித்தியாசம், தூளியில் இரண்டு முனையும் ஒரே இடத்துக்கு ஏறும். துணி ஆழமான பையாகி, குழந்தையைச் சுற்றி அணைத்துக்கொள்ளும். பெரியவருக்கு அந்த ஆழம் ஆகாது. அதற்காகத் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டினால் இன்னும் மோசம். இரண்டு ஓரமும் இறுகி நடுவில் ஓடை மாதிரி பள்ளம் விழும், தோள் நசுங்கும். நல்ல தொய்வு விட்டுக் கட்டி, நேராகப் படுக்காமல் குறுக்காகச் சாய்ந்து படுக்க வேண்டும். தலை நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம், கால் மறுபக்கம், ஏறத்தாழ 15 முதல் 30 டிகிரி வரை. அப்படிப் படுத்த நொடியில் துணி விரிந்து, உடம்பு கட்டிலில் கிடப்பது போலத் தட்டையாகும். இதற்குத் துணி நீளமாக இருக்க வேண்டும். 330 செ.மீ., அதாவது 11 அடி இருந்தால் ஆறடி ஆளுக்கும் போதும். மலிவு ஹேமக் பலவும் 260, 270 செ.மீ.தான். ஐந்தரை அடிக்குள் இருப்பவர்கள் அதிலேயே சமாளிக்கலாம். அதற்கு மேல் உயரமானவர்கள், பாராசூட் துணி மீட்டர் கணக்கில் வாங்கி நீளமாகவே தைத்துக்கொள்வது நல்லது. சென்னையில் கோடவுன் தெருவில், மற்ற ஊர்களில் பை தைக்கிறவர்கள் துணி வாங்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

முதல் மாற்றம்: கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பட்டை

ஹேமக்கோடு வரும் மெல்லிய கயிற்றில் இரண்டு சிக்கல். மரப்பட்டையை அறுக்கும், முடிச்சு வழுக்கும். மரத்தின் உயிரோட்டம் மரப்பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய அடுக்கில்தான் ஓடுகிறது. மெல்லிய கயிற்றில் எழுபது கிலோ தொங்கினால் அது நசுங்கும். ஒரு அங்குலத்துக்குக் குறையாத அகலப் பட்டை வேண்டும். தோல் மெல்லிய மரமென்றால் இரண்டு அங்குலம்.

பை தைக்கிற சாமான் விற்கும் கடையில் பட்டை மீட்டர் கணக்கில் கிடைக்கும். பாலியஸ்டர் பட்டைதான் என்று கேட்டு வாங்குங்கள். நைலான் பட்டை பாரத்தில் நீளும், ஈரமானால் இன்னும் நீளும். ராத்திரி இடுப்பளவில் படுத்தவர் காலையில் புல்லைத் தொட்டுக்கொண்டு எழுவார். பள்ளிப் பைக்குப் போடும் மெல்லிய, பளபளக்கும் பாலிபுரொப்பலீன் பட்டையும் வேண்டாம். அது வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும்.

ஒரு பக்கத்துக்கு 3 மீட்டர், மொத்தம் 6 மீட்டர். ஒவ்வொன்றின் ஒரு முனையையும் 10 செ.மீ. மடித்து வளையமாகத் தைக்க வேண்டும். தையல் சதுரமாகவும், அதற்குள் பெருக்கல் குறியாகவும் இருக்கட்டும். அதையே மூன்று முறை ஓட்டுங்கள். வீட்டுத் தையல் மிஷின் இரண்டு மடிப்புப் பட்டையைப் பார்த்ததும் முனகும். பை தைக்கிறவரிடமோ செருப்புத் தைக்கிறவரிடமோ கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. நூல் பாலியஸ்டர் நூலா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பருத்தி நூல் இந்த வேலைக்கு ஆகாது. வெட்டிய முனை பிரியாமலிருக்க மெழுகுவத்தியில் காட்டி லேசாக உருக்கிவிடுங்கள்.

கட்டுவது சுலபம். பட்டையை மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, அதன் வளையத்துக்குள்ளேயே நுழைத்து இழுத்தால் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். மறுமுனையை ஹேமக் முனையிலுள்ள கயிற்று வளையத்தோடு இணைக்க வேண்டும். காராபைனர் கொக்கி போடலாம். ஆனால் சாவிக்கொத்து மாட்டுகிற அலங்காரக் கொக்கி இதற்கு உதவாது; தாங்கும் எடை கிலோநியூட்டனில் (kN) பொறித்த மலையேற்றக் கொக்கிதான் போட வேண்டும்.

நான் கொக்கியை விட்டுவிட்டு முடிச்சுக்கு மாறிவிட்டேன். பட்டையின் முனையை ஹேமக் வளையத்துக்குள் கீழிருந்து மேலாகக் கொண்டுவாருங்கள். வளையத்தின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றுங்கள். பிறகு முனையை இரட்டையாக மடித்து, அந்த மடிப்பை, மரத்திலிருந்து வரும் பட்டைக்கு அடியில் செருகி இறுக்குங்கள். பாரம் ஏற ஏற இறுகும். அவிழ்க்க முனையை ஒரு இழு இழுத்தால் போதும். தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போடுகிறவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது, அந்த முடிச்சின் அண்ணன்தான் இது. முதல் சில நாட்களுக்கு, மீந்த முனையை மடிப்புக்குள் ஒருமுறை நுழைத்துவிடுங்கள். தவறி இழுபட்டாலும் அவிழாது.

ஹேமக் முனை வளையத்துக்கு டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு நன்று. இரும்புக் கம்பியைப் போல உறுதி, எடை இறகு. 2.8 மி.மீ. தடிமனிலேயே 700 கிலோ வரை தாங்கும். ஆனால் வழவழப்பானது, சாதாரண முடிச்சு நிற்காது. உள்ளே கூடாகப் பின்னிய கயிறு என்பதால், முனையைக் கயிற்றுக்குள்ளேயே புதைத்துத்தான் வளையமாக்க வேண்டும். செய்முறை இது: 90 செ.மீ. வெட்டுங்கள். இரு முனையிலிருந்தும் 20 செ.மீ.யில் குறி. ஒரு முனையை மறு குறியின் நடுவே ஊடுருவ விடுங்கள். அந்த மறு முனையை இந்தக் குறியின் நடுவே. இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். இப்போது இரண்டு வால் மிச்சம். மெல்லிய கம்பியை இரண்டாக மடித்து ஊசி போலாக்கி, ஒவ்வொரு வாலையும் எதிர்ப்பக்கக் கயிற்றின் வயிற்றுக்குள் இழுத்துப் புதையுங்கள். நுனியில் சில இழைகளை வெட்டிக் கூராக்கினால் வழுவழுவென்று உள்ளே போகும். கயிறு இழுபடும்போது வெளிப்பின்னல் இறுகி வாலைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் தந்திரம். நெருப்பு மட்டும் கிட்டே வரக் கூடாது; 145 டிகிரி வாக்கில் உருகிவிடும். டைனீமா கிடைக்கவில்லையென்றால் மலையேற்றக் கடையில் கிடைக்கும் 6 மி.மீ. துணைக்கயிற்றில் வளையம் கட்டிக்கொள்ளலாம்.

கோணக் கணக்கு, ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்

பட்டை தரைக்கு இணையான கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்கிற விதி. ஏன் என்பதை எண்ணில் பார்த்தால் மறக்காது. எழுபது கிலோ ஆள் நடுவில் படுத்தால், 30 டிகிரியில் ஒவ்வொரு பட்டையிலும் விழும் இழுவிசை 70 கிலோ. அதையே விறைப்பாகக் கட்டி 15 டிகிரியாக்கினால் 135. 10 டிகிரியில் 200. 5 டிகிரியில் 400 கிலோ! மரத்தின் மேலும் அதே இழுப்புதான். மெல்லிய மரம் வளைவதும், துணி விளிம்பிலிருந்து கிழிவதும், சுவரில் அடித்த கொக்கி பிடுங்கிக்கொண்டு வருவதும் இப்படித்தான்.

கோணமானி வேண்டாம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் துப்பாக்கி காட்டுவது போல நீட்டி, ஆள்காட்டி விரலைத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள். இரண்டு விரல் நுனிகளையும் இணைக்கும் கற்பனைக் கோடு ஏறத்தாழ 30 டிகிரி. பட்டை அந்தக் கோட்டோடு ஒத்துப் போனால் சரி.

மரங்களுக்கு இடையே 12 முதல் 15 அடி இருக்கட்டும். 11 அடி ஹேமக்குக்கு, 12 அடி இடைவெளியில் பட்டையை மரத்தில் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே கட்ட வேண்டும். 15 அடியில் ஆறடிக்கு மேல் போகும். உட்காரும்போது துணி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம், நாற்காலி அளவு. அதற்கு மேல் வேண்டாம். கால்பக்கத்தை ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி முழுவதும் நடுப்பள்ளத்துக்கு வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள்.

இரண்டாவது மாற்றம்: முகட்டுக்கயிறு

எனக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய அனுமதி என்றால் இதைத்தான் செய்வேன். ஹேமக்கின் ஒரு முனை வளையத்திலிருந்து மறுமுனை வளையத்துக்கு, படுப்பவரின் தலைக்கு மேலே ஓடும் ஒரு கயிறு. ஆங்கிலத்தில் ரிட்ஜ்லைன். கூரை முகடு மாதிரி இருப்பதால் முகட்டுக்கயிறு என்றே சொல்கிறேன். இதன் நீளம் மாறாததால், மரங்கள் கிட்டே இருந்தாலும் எட்ட இருந்தாலும் ஹேமக்கின் தொய்வு ஒரே மாதிரி அமையும். ஒரு தடவை சரியாக அமைத்துவிட்டால், பிறகு எந்த ஊரில் கட்டினாலும் அதே படுக்கை.

நீளம், ஹேமக் துணியின் நீளத்தில் 83 சதவீதம். 330 செ.மீ. துணிக்கு 274 செ.மீ.; 300-க்கு 249; 270-க்கு 224. துணி நீளம் என்பது கட்டிலிருந்து கட்டு வரை. மடித்துத் தைத்த ஓரம் கணக்கில் சேராது. இது தொடக்கப் புள்ளிதான். நாலைந்து செ.மீ. கூட்டியும் குறைத்தும் படுத்துப் பாருங்கள். நீளம் கூடினால் தட்டையாகும், ஆனால் ஓரம் தோளை நெருக்கும். குறைத்தால் தோள் விடுபடும், ஆழம் கூடும். எனக்குக் கயிறு 270 செ.மீ. ஒத்துவந்தது. என் தம்பிக்கு அதே ஹேமக்கில் 278 வேண்டியிருந்தது.

அதனால் முதல் வாரம் இழுத்து நீட்டக்கூடிய முடிச்சாகவே வைத்திருங்கள். அளவு பிடிபட்ட பிறகு இரு முனையிலும் வளைய முடிச்சுப் போட்டு நிரந்தரமாக்கலாம். 250 கிலோவாவது தாங்குகிற, நீளாத கயிறு தேவை. பாராசூட் கயிறு வகையான பாராகார்டு கிட்டத்தட்ட அவ்வளவு தாங்கும், ஆனால் நைலான் என்பதால் நீளும், 3 மி.மீ. பாலியஸ்டர் கயிறு அதைவிட மேல்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை. படுத்துக்கொண்டே கயிற்றை இரண்டு விரலால் பிடித்து மடக்குங்கள். கொஞ்சம் எதிர்த்து, பிறகு மடங்க வேண்டும். தம்பூரா தந்தி மாதிரி ‘டொய்ங்’ என்றால் பட்டை மிகவும் விறைப்பு. இரண்டு பக்கமும் சற்றுத் தளர்த்துங்கள். கொடிக்கயிறு போலத் தொங்கினால் பட்டை ரொம்பத் தளர்வு.

முனைக்கட்டு: சேலைக் கொசுவம் மாதிரி

கடை ஹேமக் முனையில் துணியை ஒழுங்கில்லாமல் சுருக்கி, உள்ளே கயிறு விட்டிருப்பார்கள். படுக்கும்போது ஒரு பக்கம் இறுகி, கெண்டைக்கால் அடியில் ஒரு மேடு உறுத்துவதற்கு இது ஒரு காரணம். அரை மணி நேரம் ஒதுக்கி இதைச் சரிசெய்யலாம்.

பழைய கயிற்றை உருவுங்கள். துணி முனையை மேசை மேல் நேராக விரியுங்கள். ஒரு ஓரத்திலிருந்து, சேலைக்குக் கொசுவம் வைப்பது போல நாலு விரல் அகலத்துக்கு மடித்துக்கொண்டே போங்கள். மேல் ஒன்று, கீழ் ஒன்று. ஒவ்வொரு மடிப்பின் விளிம்பும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும். எனக்கு முதல் மூன்று தடவை வரவில்லை. வீட்டில் கேட்டேன், ஒரு நிமிடத்தில் வைத்துக் கொடுத்து, ‘இதுக்கா இவ்வளவு நேரம்?’ என்று கேட்டுவிட்டுப் போனாள். துணிக் கிளிப் போட்டுப் பிடித்து, தைத்த தடித்த ஓரத்துக்கு உட்பக்கமாக, மீன்வலைக்குப் பயன்படும் நைலான் நூலால் ஆறேழு சுற்று இறுக்கிக் கட்டுங்கள். வெளியே நிற்கும் தடித்த ஓரம் கட்டு நழுவாமல் தடுக்கும். இந்தக் கட்டின் உட்பக்கக் கழுத்தில்தான் கயிற்று வளையத்தைச் சுருக்கு வைத்து மாட்ட வேண்டும். தூளியில் ஓரத்தை இழுத்து இறுக்குவார்கள், குழந்தை விழாமலிருக்க. இங்கே அப்படிச் செய்யாதீர்கள். ஓரமும் நடுவும் ஒரே நீளத்தில் இருக்கட்டும்.

படுப்பதற்கு முன் மூட்டைச் சோதனை

இதுவரை செய்ததை உடம்பை வைத்துச் சோதிக்க வேண்டாம். அரிசி மூட்டையைப் போடுங்கள். ஜி.எஸ்.டி. புண்ணியத்தில் இப்போது மூட்டை 26 கிலோவாகிவிட்டது. மூன்று மூட்டை 78 கிலோ. பதினைந்து நிமிடம் தொங்கவிட்டு முடிச்சு, தையல், துணி மூன்றையும் தொட்டுப் பாருங்கள். பட்டை நழுவிய தடம் இருந்தால் தெரியும். துணியை வெயிலுக்கு நேராகப் பிடித்து, தையலோரம் ஊசித் துளைகள் நீண்டு வெளிச்சம் கசிகிறதா என்றும் பாருங்கள். கசிந்தால் அந்தத் துணியை நம்ப வேண்டாம்.

எந்த மரம் என்பதும் இதில் சேர்த்திதான். வேம்பு, புளி, மா, பலா நன்று. முருங்கை எவ்வளவு தடித்தாலும் வேண்டாம். அதன் குணம் ஊரறிந்தது. தென்னையின் உடல் தாங்கும், ஆனால் படுக்கை நேராகக் குலைக்கு அடியில் வரும். காயும் மட்டையும் நேரம் பார்த்து விழுவதில்லை. எந்த மரமானாலும் அண்ணாந்து, காய்ந்த கிளை தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். தொடையளவு தடிமன் இல்லாத மரத்தை விட்டுவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்குவது குற்றம், யானைத் தடத்தில் தொங்குவது அதைவிட ஆபத்து. தோட்டம், தோப்பு, அனுமதியுள்ள முகாம் இடம் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய கொசுவலையில் உறை

நம் ஊரில் இது இல்லாமல் தூக்கம் இல்லை. மேலே மட்டும் வலை போட்டால் போதாது, மெல்லிய நைலான் துணி வழியாகக் கொசு முதுகில் கடிக்கும். ஆகவே ஹேமக்கை முழுவதுமாகச் சுற்றி மூடும் குழாய் வடிவ வலைதான் சரி. புதுத் துணி வாங்க வேண்டியதில்லை. ஆறரைக்கு ஆறு அடி டபுள் காட் கொசுவலை பழையது ஒன்று இருந்தால் போதும்.

1. மேல்கூரையை வெட்டி எடுங்கள். மிச்சம், நாலு பக்கச் சுவரும் சேர்ந்த ஒரே நீளத் துண்டு. 25 அடி நீளம், ஐந்தரை அடி உயரம் இருக்கும்.

2. நீளத்தைப் பாதியாக வெட்டுங்கள். இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் பன்னிரண்டரை அடி.

3. இரண்டையும் நீள ஓரத்தில் சேர்த்துத் தையுங்கள். மறுபக்க நீள ஓரத்தையும் தைத்தால் குழாய் ஆகும், சுற்றளவு 11 அடி. இந்த இரண்டாவது தையலில் நடுவே 4 அடி விட்டுவிடுங்கள். அங்கே மீட்டர் கணக்கில் விற்கும் பை ஜிப்பை வைத்துத் தைக்க வேண்டும். இரு பக்கமும் திறக்கிற ஓட்டியாக வாங்குங்கள், உள்ளே இருந்து தேடித் தவிக்க வேண்டியிருக்காது.

4. இரண்டு முனையிலும் மடித்துத் தைத்து நாடா கோர்த்துவிடுங்கள், பாவாடை நாடா போல. ஹேமக்கை உள்ளே விட்டு, இரு முனையிலும் பட்டையைச் சுற்றி நாடாவை இறுக்கினால் மூடிக்கொள்ளும்.

முகட்டுக்கயிறு இருப்பதால் வலை முகத்தில் படாமல் கூடாரம் மாதிரி நிற்கும். அது இல்லாமல் இந்த வலையைத் தைத்தவர் ஒருவர், மீன் மாதிரி ஆகிவிட்டேன் என்றார்.

தைக்கும்போது கவனம்: வலையையும் பையையும் எவ்வளவு வேண்டுமானாலும் தைக்கலாம். பாரம் தாங்கும் ஹேமக் துணியின் நடுப்பகுதியில் மட்டும் ஊசி படக் கூடாது. ஒவ்வொரு துளையும் கிழிசலின் தொடக்கம். ஓரத்தில் தைத்தே ஆக வேண்டுமென்றால் 11-ஆம் நம்பர் மெல்லிய ஊசி போடுங்கள், குண்டூசிக்குப் பதில் கிளிப். நானும் ஒரு செல்போன் பையை நேராகத் துணியிலேயே தைத்தேன். நாலாவது ராத்திரி பையின் மூலையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. இப்போது அந்தப் பை முகட்டுக்கயிற்றில் தொங்குகிறது. பழைய பேன்ட்டின் பின்பாக்கெட்டை வெட்டி, மேல் ஓரத்தில் கயிறு நுழைய மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது. மூக்குக்கண்ணாடி, டார்ச், போன் எல்லாம் கைக்கெட்டும்.

தைக்காமலே ஒரு கொக்கி

குறுக்காகப் படுக்கும்போது தலைக்கு எதிர்ப்பக்கத் துணி ஓரம் முகத்தின் மேல் மடிந்து விழும். அதை வெளியே இழுத்துக் கட்ட வேண்டும். ஆனால் துணியில் தைக்கக் கூடாது என்று இப்போதுதான் சொன்னேன். இதற்கு ஒரு கோலிக்குண்டு போதும். தலைப்பக்கக் கட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, துணியின் ஓரத்துக்கு உட்புறம் கோலியை வையுங்கள். துணியோடு சேர்த்து அதைப் பிடித்து, வெளிப்பக்கமாக அதன் கழுத்தில் நூல் கட்டுங்கள். நூல் நழுவாது, துணியும் கிழியாது, வேண்டாமென்றால் அவிழ்த்துவிடலாம். அந்த நூலைச் சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டில் கட்டி, தரையில் ஒரு முளைக்கு இழுங்கள். ரப்பர் இருப்பதால் நீங்கள் புரளும்போது கூடவே நீண்டு கொடுக்கும்.

மழை

தார்ப்பாய் கட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததே. 3 மீட்டர் சதுரத் தார்ப்பாயை நேராகக் கட்டினால் முனைகள் நனையும். மூலைக்கு மூலை, வைர வடிவில் கட்டினால் நீளம் 4.24 மீட்டர் ஆகிவிடும், ஹேமக் இரு பக்கமும் தாராளமாக மறையும். தார்ப்பாய்க் கயிற்றைத் தனியாக மரத்தில் கட்டுங்கள், ஹேமக் பட்டையோடு சேர்க்காதீர்கள்.

பலரும் விட்டுவிடுவது இதுதான்: மேலே தார்ப்பாய் இருந்தாலும் மரத்தில் வழியும் தண்ணீர் பட்டை வழியாகவே ஓடிவந்து ஹேமக்கை நனைக்கும். தார்ப்பாய்க்கு உட்பட்ட இடத்தில், பட்டையில் ஒரு பருத்தி விளக்குத் திரியைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் திரியில் இறங்கிச் சொட்டிவிடும். மாமரமாக இருந்து செவ்வெறும்பு வரிசை பட்டையில் வருமானால், அதே இடத்தில் வேப்பெண்ணெய் நனைத்த துணியைச் சுற்றிவையுங்கள். மணம் காலை வரை இருக்கும், அதுதான் விலை.

குளிருக்கு அடியிலிருந்து போர்வை

கம்பளி போர்த்தியும் முதுகு சில்லிட்டதன் காரணம் இது: போர்வையின் சூடு அதன் பஞ்சுக்குள் அடைபட்ட காற்றில் இருக்கிறது. உடம்புக்கு அடியில் அகப்பட்ட பகுதி நசுங்கி, காற்று வெளியேறி, வெறும் துணியாகிவிடும். அதற்குக் கீழே ஓடும் காற்று நேராக முதுகைத் தொடும்.

எளிய வழி, யோகா பாய். ஆனால் ராத்திரியில் நழுவி, ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பழைய லுங்கியை நீளவாக்கில் தைத்து உறையாக்கி, அதற்குள் பாயைச் செருகிப் போடுங்கள். துணி துணியைப் பிடித்துக்கொள்ளும், வேர்க்கவும் செய்யாது. கார் கண்ணாடிக்கு வைக்கும் வெள்ளிநிற மடிப்புத் திரையை அதற்கடியில் சேர்த்தால் ஏற்காடு குளிர் வரை தாங்கும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போகிறவர்களுக்கு, ஹேமக்குக்கு வெளியே, அடியில் தொங்கும் ரஜாய்தான் சரி. பழைய சிங்கிள் ரஜாய் ஒன்றின் நான்கு ஓரமும் மடித்துத் தைத்து, நீளப் பக்கங்களில் எலாஸ்டிக் கயிறும், அகலப் பக்கங்களில் நாடாவும் கோர்த்துவிடுங்கள். எலாஸ்டிக்கின் முனைகளை ஹேமக்கின் முனை வளையத்தில் மாட்டி, நாடாவை இறுக்கி முனைகளைச் சுருக்குங்கள். இப்போது ரஜாய் ஹேமக்குக்கு அடியில் இன்னொரு ஹேமக் மாதிரி தொங்கும். யாரும் அதன் மேல் படுப்பதில்லை, அதனால் பஞ்சு நசுங்காது. சரிப்படுத்துவதில்தான் நேரம் போகும். ஹேமக்கில் படுத்துக்கொண்டு, கையை வெளியே விட்டு அடியில் தடவிப் பாருங்கள். ரஜாய் முதுகை ஒட்டியும் ஒட்டாமலும் தொட வேண்டும். கை நுழையும் இடைவெளி இருந்தால் காற்று புகுந்து பலனில்லாமல் போகும். அழுத்தினால் பஞ்சு நசுங்கும். எலாஸ்டிக்கை முடிச்சு முடிச்சாகக் கூட்டிக் குறைத்து, கூட ஒருவரை வைத்துக்கொண்டு செய்தால் கால் மணி நேரம். தனியாகச் செய்தால் ஏறி இறங்கியே குளிர் போய்விடும்.

அடுப்பை ஹேமக்குக்குக் கிட்டே வைக்காதீர்கள். ஒரு தீப்பொறி போதும், நைலானில் ஓட்டை விழுந்து, அதிலிருந்து கிழிசல் ஓடும். குழந்தைகள் இருக்கும் இடத்தில் தொங்குகிற நாடாவும் கயிறும் கழுத்தில் மாட்டும் ஆபத்து உண்டு, ஆளில்லாதபோது கழற்றிவிடுங்கள்.

சுருட்டி வைக்க ஒரு உறை

கடைசியாக, மிகச் சிறிய வேலை, ஆனால் நான் தினமும் நன்றி சொல்வது இதற்குத்தான். பழைய நைலான் டிராக் பேன்ட்டின் இரண்டு கால்களையும் வெட்டி, ஒன்றோடொன்று தைத்து நீளக் குழாயாக்குங்கள். ஹேமக்கைக் கட்டுவதற்கு முன் பட்டையில் அதைக் கோர்த்துவிட்டால், காலையில் ஹேமக்கை முறுக்கி, குழாயை மேலே இழுத்துக்கொண்டே போனால், வலையும் ரஜாயும் உட்படப் பாம்புச் சட்டைக்குள் போவது போல அடங்கிவிடும். மழையில் கட்டும்போதும் அவிழ்க்கும்போதும் துணி சேற்றில் படாது. பகலில் மரத்திலேயே விட்டுவிட்டுப் போவதானால் குழாயை இழுத்து மூடி வையுங்கள். வெயில் நைலானைத் தின்றுவிடும். என்னுடையதில் வலப்பக்கக் காலில் பழைய பாக்கெட் ஒன்று அப்படியே இருக்கிறது. கோலிக்குண்டும் திரியும் அதில்தான்.